ஆயிரத்துக்கு மேல் போகாத மனிதர்

சூதாடிகளில் பல தினுசு உண்டு. குளத்தங்கரையில் துண்டு விரித்துச் சீட்டுப் போடுகிறவர் ஒரு தினுசு. அடுத்த பந்து சிக்ஸரா இல்லையா என்று பந்தயம் கட்டுகிறவர் இன்னொரு தினுசு. புளியரை தாண்டி ஆரியங்காவுக்குப் போய் கேரளா லாட்டரி வாங்கி, அப்படியே ஒரு கட்டன் சாயாவும் குடித்துவிட்டுத் திரும்புகிறவர் மூன்றாவது தினுசு. இவர்களால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தாங்கள் ஆடுவது சூது என்று அவர்களுக்கே தெரியும். போலீஸ் வந்தால் ஓடுவார்கள். பெண்டாட்டி வந்தால் இன்னும் வேகமாக ஓடுவார்கள். இங்கே சொல்ல வந்தது நாலாவது தினுசைப் பற்றி. இவர் சூதாட்டத்தை அடியோடு வெறுப்பவர். சீட்டுக்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர். காலை ஒன்பதேகாலில் இருந்து பிற்பகல் மூன்றரை வரை செல்போனை விட்டுத் தலை நிமிராதவர். கேட்டால், "நான் டிரேடிங்லா பண்ணுதேன்" என்பார்.

பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் தண்ணீர் பாட்டில் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ரசத்துக்கு என்று குழித்த சோற்றில் பாயசத்தை வாங்கிக்கொள்கிறவர் அவர்தான். துக்க வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திடீரென்று "அய்யய்யோ போச்சே!" என்று அலறி, செத்தவர் மேல் இவருக்கு இத்தனை பாசமா என்று வீட்டார் கண் கலங்க வைப்பவரும் அவரேதான். அவருடைய பாஷையே தனி. பணம் கட்டினேன் என்று சொல்லமாட்டார், பொசிஷன் எடுத்தேன் என்பார். தோற்றேன் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. மார்க்கெட்தான் கொஞ்சம் இளைப்பாறுகிறது. ஜெயித்தால் அது அவர் போட்ட கணக்கு. தோற்றால்? மும்பையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் எவனோ ஒரு ஆப்பரேட்டர், வேறு சோலியே இல்லாமல், தென்காசியில் இவர் வாங்கிவிட்டார் என்று தெரிந்ததும் வேண்டுமென்றே விலையை இறக்கிவிட்டான்.

தென்காசி என்று வாயில் வந்துவிட்டது. இனி ஆளைக் காட்டிவிடலாம்.

பேர் ஏசுவடியான். ஐம்பதைத் தாண்டியவர். வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு, குற்றாலத்துக் கடைகளுக்குச் சப்ளை செய்கிற தொழில். காயை உரிப்பதும் சீவுவதும் பாக்கெட் போடுவதும் மனைவி தங்கபுஷ்பம். செங்கோட்டையில் போய்க் குலை பார்த்து எடுப்பதும் எண்ணெய்ச் சட்டியும் இவர். சட்டியின் முன்னால் நின்றால் மனிதர் ராஜா. எண்ணெயின் இரைச்சல் அடங்குகிற சத்தத்தை வைத்தே ஈட்டை அள்ளிவிடுவார். சற்று முந்தினால் நமுத்துப்போகும், சற்றுப் பிந்தினால் கருகும். "போட எவனுக்கும் தெரியும்வே, எடுக்கத் தெரியணும்" என்று கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். கேட்பவருக்குப் புல்லரிக்கும். அதே மனிதர் கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்துவிட்டால் எடுக்க மட்டும் மறந்துபோகும்.

அவருக்குக் கொள்கைகள் உண்டு. கொள்கை இல்லாதவன் சூதாடி அல்லவா? முதல் கொள்கை, எல்லை வைக்க வேண்டும். இரண்டாவது, வைத்த எல்லையைத் தாண்டக்கூடாது. மூன்றாவது, உணர்ச்சிக்கு இடம் கொடுக்கக்கூடாது. எதிராளி யார் என்று கூடப் பார்க்கக்கூடாது, பார்த்தால் கோபம் வரும், கோபம் வந்தால் கணக்கு தப்பும். இந்த மூன்றையும் யாராவது கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்லுவார். முக்கியமாக ஜஸ்டினிடம். ஜஸ்டின் தங்கபுஷ்பத்தின் தம்பி. புளியங்குடியில் எலுமிச்சம்பழ லோடு ஏற்றிக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவன். திரும்பி வரும்போது வாரத்துக்கு ஒரு லாட்டரி வாங்குவான். அது போதாதா?

"ஏலே ஜஸ்டின், ஒழைச்ச காச இப்படிக் கொண்டுபோயிக் கொட்டுதியே, நல்லாருக்காலே? லாட்டரிங்கது சூது. டிரேடிங் அப்படியா? கணக்கு இருக்கு, சார்ட் இருக்கு, டிசிப்ளின் இருக்கு."

"விழலேன்னா கிழிச்சுப் போட்டுட்டு வண்டிய எடுத்துருவேன் அத்தான். வாரத்துக்கு ஒண்ணுதான்."

"அதாம்லே தப்பு. மனுசனுக்கு ஒரு எல்லை வேணும்ங்கேன்."

"ஒண்ணே ஒண்ணுதானே அத்தான் வாங்குதேன்?"

"அது எல்லை இல்லலே. ஒங்கிட்ட காசு இல்ல, அதனால ஒண்ணு வாங்குத. எல்லைங்கது காசு இருக்கும்போது வைக்கது."

ஜஸ்டின் அக்காவிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். ஏசுவடியானுக்கு அன்றைக்கு ஒரு ஆளைத் திருத்திவிட்ட திருப்தி.

அவருடைய எல்லைக்கு டிரேடிங்கில் ஸ்டாப்லாஸ் என்று பேர். இந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டத்தோடு நஷ்டமாக விற்றுவிட்டு வெளியே வந்துவிடுவது என்று முன்கூட்டியே போட்டு வைக்கிற கோடு. ஏசுவடியான் அதைத் தவறாமல் போடுவார். விலை மேலே இருக்கிறவரை அந்தக் கோட்டைப் பெருமையோடு நாலு பேருக்குக் காட்டுவார். விலை இறங்கி இறங்கிக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால்? கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைப்பார். "மார்க்கெட்டுக்கு மூச்சு விட எடம் குடுக்கணும்லா" என்பார். விலை இன்னும் நெருங்கும், இவர் இன்னும் இறக்குவார். பஸ் வருகிறது என்று தெரிந்ததும் பஸ் ஸ்டாப்பைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடுகிற கதைதான். கடைசியில் மூச்சு வாங்கிப்போய்க் கோட்டையே அழித்துவிடுவார். அதற்குப் பிறகு விலை பாதிக்கு வந்தால் இன்னொரு மடங்கு வாங்குவார். அதற்கு ஆவரேஜ் என்று பேர். அழுகின குலையைக் காட்டி, "பாதி விலைக்குத் தாரேன், இன்னும் ரெண்டு எடும்" என்று செங்கோட்டைச் சந்தையில் எவனாவது இவரிடம் சொல்லியிருந்தால் அவன் மண்டை உடைந்திருக்கும்.

இதெல்லாம் அவருடைய சொந்தச் சில்லறையோடு நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தங்கபுஷ்பத்தின் கடையில் வந்து விடிந்ததால்தான் இவ்வளவு பேச்சு.

தங்கபுஷ்பம் கை பட்ட சிப்ஸைத் தின்னாதவர்கள் குற்றாலத்துக்கு வந்தவர்களில் குறைவு. ஆனால் அவள் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. பாக்கெட்டில் ஒவ்வொரு கடைக்காரர் பேரும் இருக்கும், சில பாக்கெட்டில் கடைக்காரரின் பேரப்பிள்ளை போட்டோகூட இருக்கும், சீவினவள் பேர் இருக்காது. இந்த வருஷச் சாரல் சீசனுக்கு ஐந்தருவி போகிற ரோட்டில் தனக்கென்று ஒரு கடை பிடித்துவிட வேண்டும் என்று மகளிர் குழுவில் போட்டு வைத்ததையும் தீபாவளிக்குச் சேலை எடுக்காமல் விட்டதையும் சேர்த்து அட்வான்ஸ் பணம் தேற்றியிருந்தாள். கட்டடத்துக்காரர் கிதிர் முகம்மது பாய். நல்ல மனிதர், கறாரான மனிதர். சீசன் கடைக்கு அட்வான்ஸ் வந்தால்தான் சாவி. "இந்தாங்க, பாய் கையில குடுத்துட்டு வாங்க" என்று பணத்தைப் புருஷனிடம் கொடுத்து அனுப்பினாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

பாய் ஊரில் இல்லை. துபாயில் மகன் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கப் போயிருக்கிறார், அடுத்த திங்கட்கிழமைதான் வருவார் என்று வீட்டில் சொன்னார்கள். ஏசுவடியான் பைக்கைத் திருப்பினார். வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான்: ஒரு வாரம் சும்மா கிடக்கப்போகிற காசு. காசு சும்மா கிடப்பதை நம்ம ஆளால் பொறுக்க முடியாது. வீட்டில் மனுஷன் சும்மா கிடந்தால் பொறுப்பார், காசு கிடக்கக்கூடாது. தவிர, அவர் நினைத்தது கெட்டதும் இல்லை. ஒரு வாரத்தில் அதை இரண்டாக்கி, ஒரு கடைக்கு இரண்டு கடையாகப் பிடித்துக் கொடுத்தால் புஷ்பம் எப்படிப் பூரித்துப்போவாள்! அவள் முகத்தைக் கற்பனை செய்துகொண்டே பணத்தைப் பேங்கில் போட்டு, பேங்கில் இருந்து மார்க்கெட்டில் போட்டார். வீட்டில், பாய் வருகிறவரை பணம் பேங்கில் பத்திரம் என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் லாபம். அன்று சாயங்காலம் பிரானூர் பார்டரில் இருந்து புரோட்டாவும் கோழியும் பார்சல் வந்தது. "என்ன விசேசம்?" என்றாள் தங்கபுஷ்பம். "சும்மாதாம்ட்டி, சாப்பிடு" என்றார், ஏழை பாழைகளுக்கு அன்னதானம் செய்கிற ஜமீன்தார் குரலில். மறுநாள் விலை இறங்கியது, கோட்டை இறக்கினார். அதற்கு மறுநாள் இன்னும் இறங்கியது, ஆவரேஜ் செய்தார். வியாழக்கிழமை, விட்டதை ஒரே அடியில் பிடித்துவிடுவது என்று தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மார்க்கெட் மூடியபோது பணத்தில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி, அடுத்த வாரத்துக்குள் விலை ஏறினால் காசு, ஏறாவிட்டால் வெறும் காற்று என்கிற ஆப்ஷனில் கிடந்தது. அன்றைக்கு மட்டும் சட்டியில் மூன்று ஈடு கரிக்கட்டையாக வந்தது.

"காய் சரியில்லட்டி" என்றார்.

தங்கபுஷ்பம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கருகினதை அள்ளிக் குப்பையில் கொட்டினாள்.

சனி, ஞாயிறு மார்க்கெட் லீவு. இந்த நாலாவது தினுசு மனிதர்களுக்கு லீவு நாளைப் போல நரகம் வேறில்லை. கை நமநமவென்று அரிக்கும். தொலைவில் போகிற பஸ்ஸின் நம்பர் ஒற்றையா இரட்டையா என்று மனதுக்குள்ளேயே கட்டிப் பார்ப்பார்கள். ஏசுவடியானின் நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை.

அந்தப் பண்டிகையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வயலில் விளைந்ததோ, கொடியில் காய்த்ததோ, கையால் செய்ததோ, அவரவர் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்துப் பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பத்து ரூபாய்ப் பூசணிக்காய் ஐந்நூறுக்குப் போகும், ஒரு சேவல் ஒரு ஆட்டின் விலைக்குப் போகும். யாருக்கும் வருத்தம் இல்லை, காசு கோயிலுக்கு. தங்கபுஷ்பம் புதுக்கடைக்கென்று போட்ட முதல் சிப்ஸை ஒரு டின்னில் அடைத்து, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"நம்ம டின்ன நாமளே ஏலத்துல எடுத்துரணும்ங்க. மொத டின்னு. ஆசீர்வாதம். வேற வீட்டுக்குப் போகக்கூடாது" என்றாள் வாசலில்.

"எடுத்துருவோம். ஆனா எல்லை ஆயிரம். அதுக்கு மேல ஒரு பைசா போமாட்டேன். வருசா வருசம் பாக்கேன்லா, எப்படி ஆவேசப்பட்டுக் கேக்கானுவ! அவனுவல்லாம் சூதாடி. நமக்கு டிசிப்ளின் இருக்கு."

"ஆயிரத்தோட நிறுத்திருவியளா?"

"கோயில் வாசல்ல நின்னு சொல்லுதேன் புஷ்பம்."

தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். பிறகு குழாயடியில் நின்ற ஜஸ்டினிடம் போய் ஏதோ சொன்னாள். பண்டிகை அசனத்தில் பந்தி பரிமாற வாளி தூக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஏசுவடியான் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சபையை நடத்துகிற உபதேசியார் மைக்கைப் பிடித்தார். பூசணி போனது, சேவல் போனது, சுந்தரபாண்டியபுரத்து வெங்காயம் ஒரு கூடை போனது. டின் வந்தது. "நம்ம தங்கபுஷ்பம் அம்மா வீட்டு சிப்ஸ்! நூறு ரூவா!" என்றார் உபதேசியார். ஏசுவடியான் கையைத் தூக்கி இருநூறு என்றார். "பின்னால முந்நூறு!" என்றார் உபதேசியார். பின்னால் யாரோ கை தூக்கியிருக்கிறார்கள். ஏசுவடியான் திரும்பவில்லை. எதிராளியைப் பார்க்கக்கூடாது, மூன்றாவது கொள்கை. நானூறு என்றார். பின்னால் ஐந்நூறு. இப்படியே நூறும் இருநூறுமாகப் படி ஏறி, "பின்னால ஆயிரம்!" என்று உபதேசியார் அறிவித்தார்.

எல்லை வந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவும்தான் வாயை மூடினார். ஆனால் உபதேசியார் "ஆயிரம் ஒரு தரம்" என்று இழுத்தாரே, அந்த இழுப்பில்தான் எல்லாம் கெட்டது. எதிராளி களைத்துவிட்டான், இன்னும் ஒரே ஒரு தட்டு, விழுந்துவிடுவான் என்று உள்ளே ஒரு குரல். ஆயிரத்து நூறு என்றார். பின்னால் ஆயிரத்து இருநூறு. ஆயிரம் என்று சொன்னது பொதுவாகச் சொன்னதுதானே, ஏலம் சூடு பிடித்தபிறகு எல்லையும் கொஞ்சம் சூடாகத்தானே வேண்டும்? ஆயிரத்து ஐந்நூறு. பின்னால் இரண்டாயிரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விட்டுவிட்டால் வந்த தூரமெல்லாம் வீண் அல்லவா? மூவாயிரம். பின்னால் மூவாயிரத்து ஐந்நூறு. இப்போது ஏசுவடியானுக்கு டின்னும் தெரியவில்லை, சிப்ஸும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விட்டதெல்லாம் அந்தப் பின்வரிசைக் கையில்தான் இருக்கிறது, அதை இன்றைக்குப் பிடுங்கியே தீருவது என்று காது மடல் சிவந்துபோயிற்று. நாலாயிரம்!

பந்தலில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. தன் துணிச்சலைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்தார். பக்கத்து நாற்காலி வாத்தியார் அவர் தொடையில் தட்டி, "வே, பின்னால கொஞ்சம் திரும்பித்தான் பாருமே" என்றார்.

"பாக்கக்கூடாது சார். மொகத்தப் பாத்தா உணர்ச்சி வந்துரும். அது நம்ம ரூல்."

"ரூல் கெடக்கட்டும்வே. திரும்பும்."

"சும்மா இரும் சார்! ஐயாயிரம்!"

உபதேசியாருக்கே குரல் தடுமாறியது. "அண்ணாச்சி... போதுமா? கோயிலுக்கு நல்லதுதான், ஆனா..."

"நீங்க ஏலத்த நடத்துங்கய்யா!"

எட்டாயிரத்துக்குப் பின்வரிசை அடங்கியது. மூன்று தரம் சொல்லியாயிற்று. ஏசுவடியான் எழுந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது, முகமெல்லாம் வெற்றி. தோற்றவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவோம் என்று பெருந்தன்மையோடு கையைக் குவித்துக்கொண்டு திரும்பினார்.

பந்தலின் கடைசிக் கம்பத்தருகே ஜஸ்டின் நின்றான். அவன் வலது கையை மணிக்கட்டோடு பிடித்துக் கீழே இறக்கி வைத்திருந்தாள் தங்கபுஷ்பம்.

பந்தலே குலுங்கியது. உபதேசியார் மைக்கை அணைக்க மறந்து சிரித்தார். சிறுசுகள் நாற்காலியில் ஏறி நின்று சிரித்தன. ஒரே வீட்டுக்காரர்கள் அவர்கள் வீட்டு டின்னுக்கு அவர்களே ஏலத்தை ஏற்றிய கதை மதியச் சாப்பாட்டுக்குள் ஆலங்குளம் வரை போய்விட்டது. ஜஸ்டின் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்தான் நிறுத்துத வரைக்கும் கைய எறக்காதலேன்னு அக்காதான் சொன்னா" என்று முனகினான்.

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. அவரைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"ஆயிரம்னு சொன்னிய."

"அது... கோயில் காரியம்லா புஷ்பம்..."

"கோயில் காசக் கோயிலுக்குக் குடுத்துருவோம். கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா உபதேசியார் வேண்டாம்னா சொல்லப்போறாரு? பாய்க்குக் குடுக்க வேண்டிய காசு எங்கங்க?"

ஏசுவடியான் ரிப்பன் கட்டிய டின்னை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினார்.

"வெள்ளிக்கிழம மூணு ஈடு கருகிச்சு. காய் சரியில்லன்னு சொன்னிய. காயச் சீவினது நானு. காய் பால் மாதிரி இருந்துச்சு. அப்பவே நெனச்சேன். நேராக் கேட்டா ஒரு கணக்கச் சொல்லி வாய அடைச்சிருவிய. நிறுத்தத் தெரிஞ்ச மனுசனா இல்லையான்னு அதான் கண்ணால பாத்துக்கிட்டேன்."

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், இரண்டு கடை பிடிக்க ஆசைப்பட்டதையும் சேர்த்து. சொல்லச் சொல்ல அவமானத்தில் உடம்பு கூசியது. ஊர் சிரித்தது கூடப் பெரிதாக இல்லை. தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் சத்தமில்லாமல் அழுதாள், முகத்தைத் துடைத்தாள், பிறகு கேட்டாள்.

"பாதியாவது இருக்கா?"

"இருக்கு. நாளைக்கு ஏறிரும் புஷ்பம். கண்டிப்பா ஏறும். ரெண்டே ரெண்டு நாள் பொறுத்தா..."

"ஏறுதோ எறங்குதோ. மார்க்கெட் தொறந்த ஒடனே எடுத்துரணும். போன் என் கையில இருக்கும்."

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்குப் போன் காய் சீவுகிற பலகை மேல் இருந்தது. தங்கபுஷ்பத்தின் விரலில் நேந்திரங்காய்ப் பிசின். திரையில் விலை லேசாகப் பச்சையில் மினுங்கியது.

"பச்ச! பச்சட்டி! ஏற ஆரம்பிச்சிட்டு பாரு! இப்ப வித்தா அது பைத்தியக்காரத்தனம். ஒரு அஞ்சு நிமிசம், அஞ்சே நிமிசம்..."

"எந்த எடத்த அமுக்கணும்?"

"புஷ்பம், நான் சொல்லுதத ஒருதரம்..."

"எந்த எடத்தங்க?"

இடத்தைக் காட்டினார். அவள் பிசின் விரலால் அமுக்கினாள். முடிந்தது. கையில் வந்தது பாதிப் பணம்.

அதோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். மார்க்கெட்டுக்கு நம் கதையைப் பற்றி என்ன கவலை? மத்தியானத்துக்குள் விலை ஏறு ஏறென்று ஏறியது. பக்கத்து வீட்டில் டிவியைப் பார்த்துவிட்டு ஏசுவடியான் கொல்லைக்கு ஓடிவந்தார்.

"பாத்தியா? பாத்தியா? நான் சொன்னேன்லா! போனதெல்லாம் வந்திருக்கும்!"

"சந்தோசமா இருக்கா?"

"இருக்காதா பின்ன? என் கணக்கு சரின்னு ஆயிட்டுல்லா!"

"எறங்கியிருந்தா?"

"எறங்கியிருந்தா அது அந்த ஆப்பரேட்டர் பய..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். தங்கபுஷ்பம் கத்தியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகப் பேசிய பேச்சு அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. முதலில் அசடு வழிந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள், அழுத மறுநாள் என்பதால் கொஞ்சம் கம்மியாக.

சாயங்காலம் இருவரும் கிதிர் முகம்மது பாய் வீட்டுக்குப் போனார்கள். பாய் பேரப்பிள்ளை போட்டோக்களைக் காட்டி, துபாயில் இருந்து கொண்டுவந்த ஈத்தம்பழம் கொடுத்து உபசரித்தார். தங்கபுஷ்பம் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். பாய் தாடியைத் தடவினார்.

"ஆலங்குளத்து ஆளு ஒருத்தர் முழு அட்வான்ஸோட நிக்காரு தாயி. ஒங்க வாக்குக்காகத்தான் சாவிய வச்சிருந்தேன். பாதிக் காசுக்கு நான் என்ன செய்ய?"

"பாதிக் காசுக்குப் பாதிக் கடையத் தாங்க பாய்."

பாய் தாடியில் இருந்து கையை எடுத்தார். இத்தனை வருஷத்தில் பாதிக் கடை கேட்டவர்கள் யாருமில்லை. பிறகு, "அப்ப நடுவுல தட்டி அடிச்சுக்கிடுங்க. அந்தப் பக்கம் துண்டும் எண்ணெயும் விக்கவன் ஒருத்தனப் போடுதேன்" என்றார்.

சாரல் வந்துவிட்டது. ஐந்தருவி ரோட்டில் நீங்கள் போனால் கடையைப் பார்க்கலாம். முழுக் கடையின் அகலத்துக்கு முன்கூட்டியே எழுதி வாங்கிய போர்டு பாதிக் கடைக்கு நீளம் என்பதால், அதைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'தங்கபுஷ்பம் நேந்திரம் சிப்ஸ்' என்று படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். கழுத்தைச் சாய்த்தவர்கள் நின்றுவிடுகிறார்கள், நின்றவர்கள் வாங்கிவிடுகிறார்கள், வியாபாரம் குறைவில்லை. ஆனால் இடம் போதாமல் தங்கபுஷ்பம் குலையோடும் சீவுகிற பலகையோடும் மல்லுக்கட்டும்போதெல்லாம், தட்டிக்கு அந்தப் பக்கம் துண்டு விற்கிறவன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது ஏசுவடியானின் கண்ணில் படும். அந்த இடம் எங்கே போனது என்று அவருக்குத் தெரியும். அப்போது முகம் கொஞ்சம் வாடும். பிறகு சட்டிக்குத் திரும்பிவிடுவார். போன் தங்கபுஷ்பத்தின் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

பிரசங்கம் மட்டும் போகவில்லை. அது பிறவிக் குணம். அன்றைக்கு ஒருவர் அருவியில் குளித்த ஈரம் சொட்டச் சொட்ட, தலையில் துண்டோடு சிப்ஸுக்கு நின்றார். ஒரு கையில் ரூபாய், இன்னொரு கையில் போன், போனில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள்.

"என்ன சார், டிரேடிங்கா?" என்றார் ஏசுவடியான்.

"சும்மா, கொஞ்சமா. சூதாட்டம் மாதிரியெல்லாம் இல்லீங்க. நான் ஒரு லிமிட் வச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லது சார். எவ்வளவுன்னு வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, மிச்சச் சில்லறையைக் கூட வாங்காமல் அவர் நடையைக் கட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்களுக்கென்ன! நீங்கள் படித்தவர், நிதானமானவர், சீட்டையும் லாட்டரியையும் தொடாதவர். பங்குச்சந்தையாக இல்லாவிட்டால் தங்கமோ மனையோ நண்பர் சொன்ன நல்ல திட்டமோ, எதில் இறங்கினாலும் ஒரு எல்லை வைத்துக்கொண்டுதான் இறங்குவீர்கள். தெரியும். ஒன்றும் வேண்டாம், அந்த எல்லை எவ்வளவு என்று இப்போதே ஒருதரம் வாய்விட்டுச் சொல்லுங்களேன், அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி.

என்ன, சத்தத்தையே காணோம்?